மிர்-21-ஐ அடக்குவதா, மிர்-34ஏ-வை மீட்பதா?

மரபணுவின் நகலாக உருவாகியும் புரதமாக மாறாத ஆர்.என்.ஏக்கள் பல பெருங்குடல் புற்றுசெல்லைச் சாகவிடாமல் காக்கின்றன. வேறு சில, சாகவேண்டிய நேரத்தில் அதைச் சாகடிக்கின்றன. அதனால் சிகிச்சைக்கு இரண்டு எதிரெதிர் யோசனைகள் உண்டு: மிகுந்துபோன மிர்-21-ஐ அடக்குவது, ஓய்ந்துபோன மிர்-34ஏ-வைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டுமே ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்கள்தான்; மற்ற மரபணுக்களின் புரத உற்பத்தியை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏக்கள் இவை.

மிர்-21 மீதான குற்றச்சாட்டு வலுவானது. கட்டி வளராமல் தடுக்கும் பிடென், பிடிசிடி4 என்ற இரண்டு புரதங்களையும் அது குறைத்துவிடும். பிடென் குறைந்தால் செல்லைப் பிழைக்கவைக்கும் ஏகேடி சமிக்ஞை ஓங்கி, செல் தற்கொலை தள்ளிப்போகும். கட்டியில் மிர்-21 கூடுதலாக இருந்தவர்களின் ஆயுள் குறைவு என்று 2008-இலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் அது யாருடைய மிர்-21? திசுத்துண்டில் சாயமேற்றிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி புற்றுசெல்லில் இல்லை; சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களில்தான் தென்படுகிறது. இந்தத் துறையில் இது புதிதல்ல. பெருங்குடல் கட்டியில் மிர்-143, மிர்-145 என்ற வேறு இரு மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் குறைந்திருப்பதாக 2003-இல் சொன்னார்கள். அவை குடலின் மேலடுக்குச் செல்களிலேயே இல்லை, இணைப்புத்திசுவில்தான் உள்ளன என்று 2014-இல் எலி ஆய்வு காட்டியது. கட்டியை மொத்தமாக அரைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும்.

மிர்-34ஏ-வின் கணக்கு இதைவிடத் தெளிவு. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் காவல் புரதமான பி53 அதை நேரடியாகத் தூண்டுகிறது. 2007-இல் பல ஆய்வகங்கள் ஒரே சமயத்தில் இதைக் கண்டன. செல்லைப் பிழைக்கவும் பெருகவும் வைக்கும் பிசிஎல்2, சர்ட்1, சிடிகே6 ஆகிய புரதங்களை மிர்-34ஏ அடக்கும். பல கட்டிகளில் டி.என்.ஏ மீது மெத்தில் என்ற வேதிக்குறிகள் விழுந்து மிர்-34ஏ-வின் மரபணு மௌனமாகிறது. வெளியிலிருந்து கொடுத்தால், பி53 பழுதான கட்டியிலும் அது ஓரளவாவது வேலை செய்ய வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பெருங்குடல் கட்டிகளில் பி53 பழுதுதான்.

சோதனைக் களத்தில் கதை மாறியது. கொழுப்புக் குமிழியில் அடைத்த மிர்-34ஏ நகலான எம்ஆர்எக்ஸ்34-ஐ 2013-இல் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகச் சீறியதால் 2016-இல் நிறுத்தினார்கள். 85 பேரில் நால்வர் இறந்தனர். ஒருசிலருக்குக் கட்டி சுருங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிர்-21 எதிர்ப்பு மருந்தான லேடமிர்சென், ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய்க்காகச் சோதிக்கப்பட்டது. பயன் தெரியாததால் 2022-இல் அதுவும் நின்றது.

புரதமாக மாறாத நீள ஆர்.என்.ஏக்களில் ஒன்றான சிசிஏடி2-வும் போட்டியில் உண்டு. செல் பெருக்கத்தை முடுக்கும் மிக் மரபணுவைத் தூண்டும் அதற்கு, மருந்து இன்னும் எட்டாத் தொலைவு.

என் கட்சி மிர்-34ஏ. மிர்-21-ஐ நோயின் போக்கைக் கணிக்கும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். எம்ஆர்எக்ஸ்34 தோற்றதை மிர்-34ஏ-வின் தோல்வியாக நான் எண்ணவில்லை. எனக்குச் சந்தேகம் அதைச் சுமந்துபோன பொதியின், அதாவது கொழுப்புக் குமிழியின் மீதுதான். அடுத்த பொதியைப் புற்றுசெல்லை மட்டும் வளர்த்த தட்டில் சோதித்தால் போதாது, நார்த்திசுச் செல்களையும் சேர்த்து வளர்த்த குடல் மாதிரியில் சோதிக்கட்டும்.