பிஎன்ஏவா, எல்என்ஏவா, மார்ஃபோலினோவா?

டிஎன்ஏ போலவே எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், ஆனால் டிஎன்ஏவை வெட்டும் நொதிகளிடம் சிக்கக் கூடாது. இப்படியொரு செயற்கை இழை தேவைப்பட்டால் இந்த மூன்றின் பெயரும் அடிபடும். எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்றுதான் பலர் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வேலை சோதனைக் குழாயிலா, உயிருள்ள செல்லுக்குள்ளா?

குழாய் என்றால் பிஎன்ஏ (பெப்டைடு நியூக்ளிக் அமிலம்). 1991-இல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சன் குழுவினர் அறிமுகப்படுத்தியது. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் அப்படியே இருக்கும். அவற்றைத் தாங்கும் சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலிக்குப் பதிலாக, புரதத்தில் இருப்பது போன்ற அமைடு சங்கிலி. டிஎன்ஏ இழைகள் இரண்டும் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளும். பிஎன்ஏவுக்கு மின்னூட்டமே இல்லை, ஒட்டினால் ஒட்டியதுதான்.

இலையில் வாழும் பாக்டீரியாக்களைக் கணக்கெடுக்க, அவற்றை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கிப் பாருங்கள், பசுங்கணிகத்தின் 16எஸ் வந்து குவியும். (அதுவும் ஒரு காலத்தில் பாக்டீரியாதானே!) அதற்குப் பொருத்தமான குட்டி பிஎன்ஏவைச் சேர்த்தால், அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். படியெடுக்கும் நொதியான பாலிமரேஸால் அதை நீட்டவும் முடியாது, தாண்டவும் முடியாது. பாக்டீரியாக்கள் கண்ணில் படத் தொடங்கும். ஆனால் பிஎன்ஏ செல்லுக்குள் தானாகப் போகாது. ஜி நிறைய இருந்தால் கரையவே அடம்பிடிக்கும்.

எல்என்ஏ (பூட்டிய நியூக்ளிக் அமிலம்) 1990-களின் கடைசியில் வந்தது. ஜப்பானில் இமானிஷி, டென்மார்க்கில் வெங்கெல், இருவரும் தனித்தனியாகச் செய்தார்கள். சர்க்கரை வளையத்தில் ஒரு பாலம் போட்டு அதை அசையாமல் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் எழுத்தை எல்என்ஏவாக மாற்றினாலே உருகுவெப்பநிலை (ஒட்டிய இழைகள் பிரியும் வெப்பநிலை) 2 முதல் 8 டிகிரி வரை ஏறலாம். மரபணுக்களை அடக்கும், சுமார் 22 எழுத்தே உள்ள மைக்ரோஆர்என்ஏவைப் பிடிக்க இது பெரிய வரம். டிஎன்ஏ இழை தயாரிக்கும் வழக்கமான இயந்திரத்திலேயே, டிஎன்ஏ எழுத்துகளுக்கு நடுவே கோத்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்கே. ஆசைப்பட்டு அதிகம் சேர்த்தால் மட்டும் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும்.

சரி, மார்ஃபோலினோ? சர்க்கரைக்குப் பதிலாக மார்ஃபோலின் என்ற வளையம் கொண்ட இழை. உயிருள்ள செல்லுக்குள் வேலை என்றால் இதைப் பார்க்கலாம். பிடிப்பில் மற்ற இரண்டையும்விடத் தளர்வு. ஆனால் மின்னூட்டம் இல்லாமலேயே தண்ணீரில் நன்றாகக் கரையும். டுஷேன் தசைச்சிதைவு நோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சென் என்ற மருந்து 30 எழுத்து மார்ஃபோலினோதான். பலன் போதுமா என்ற சர்ச்சையோடுதான் அனுமதி கிடைத்தது. வரிக்குதிரை மீன் முட்டையில் நுண்ணூசியால் செலுத்தினால், குறிவைத்த மரபணு அடங்கியதால் வரும் கோளாறு சில நாள்களிலேயே தெரியும். அப்புறம் மரபணுவையே வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் வந்து அதே மரபணுக்களை நிரந்தரமாக முடக்கிப் பார்த்தபோது, பல மீன்களில் அந்தக் கோளாறைக் காணோம். இப்போது மார்ஃபோலினோ முடிவை மட்டும் நீட்டினால் ஆய்விதழ் மதிப்பாய்வாளர்கள் விடுவதில்லை.