"குறி இல்லாததுதான் அசல்" என்று சொல்லி விற்கும் ரிம்: உஷார்

பழைய மினி கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. "அசல் மினிலைட், மெக்னீசியம், 60-களில் வந்தது" என்று சொல்லி, அந்த பிராண்டின் பெயரோ அளவோ பொறிக்காத பத்து அங்குல ரிம்களைச் சிங்கப்பூரில் ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். நான் 2,400 வெள்ளி கொடுத்தேன். ஒரு எழுத்துக்கூட இல்லையே என்று கேட்டதற்கு, "அண்ணே, அந்தக் காலத்துல யாரு பேரு போட்டாங்க? குறி இல்லாததுதான் அசலுக்கு அடையாளம்" என்றார். தன் மினியிலேயே மாட்டிக் காட்டினார். அசல் இல்லையென்றால் பணம் வாபஸ் என்று மெசேஜும் அனுப்பினார்.

சின் மிங் பட்டறையில் பெயிண்டைச் சுரண்டியதும் சாயம் வெளுத்துவிட்டது. ஆரக்கால்களின் பின்புறம் எழுத்து இருந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். வெறும் உலோகத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டோம். மெக்னீசியம் என்றால் பொங்கி நுரைக்கும். இது அசையவே இல்லை, அலுமினியம். கையில் தூக்கினாலும் ஓரளவு தெரியும்: மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியத்துக்கு 2.7.

சரி, பொய் சொல்லி விற்றதைக்கூட விடுங்கள். வயிற்றைக் கலக்கியது நட்டு ஓட்டைகள்தான். மினியின் நான்கு ஸ்டட்களும் (சக்கரத்தை மாட்டும் மரை ஆணிகள்) 101.6 மி.மீ. வட்டத்தில் நிற்கும், அதாவது சரியாக 4 அங்குலம். இவை 100 மி.மீ. வட்டத்துக்குத் துளைத்த ரிம்கள். அந்த 1.6 மி.மீ. இடிக்காமல் இருக்க, ஓட்டைகளை அரத்தால் ராவி நீளமாக்கியிருக்கிறார்கள். நட்டின் கூம்பு அதில் முழுதாக உட்காராது. ஓட ஓடத் தளரும், ஸ்டட் முறியும். பிஐஇ விரைவுச்சாலையில் குடும்பத்தோடு போகும்போது முறிந்தால்? நட்டு இறுக்கிய ரிம்மில் இதெல்லாம் வெளியே தெரியாது. மாட்டிக் காட்டியதன் காரணம் இப்போது புரிகிறதா?

நான்கு ஓட்டை ரிம்மை அளப்பது சுலபம். ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் போதும். ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையிலேயே குறி இல்லாத பழைய ரிம்களும் உண்டு. ஆனால் அவற்றில் கிரைண்டர் தடம் இருக்காது.

விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே அங்கே கேட்கலாம், மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். இதற்கிடையில் அதே வசனத்தோடு இன்னொரு செட் விளம்பரத்தில் வந்திருக்கிறது, இந்த முறை டட்சன் 510-க்காம். அந்தக் காருக்கு 114.3 மி.மீ. வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் அளவுகோலோடு போங்கள், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.