போன்சாய்க்கு இளமரம் வாங்குமுன் மேல்மண்ணை விலக்கிப் பாருங்கள்

"போன்சாய்க்கென்றே தேர்ந்தெடுத்தது" என்ற உறுதியோடு எனக்கு விற்கப்பட்ட இளமரம் ஒன்றைப் பற்றி, வேறு யாரும் அதே வகையில் ஏமாறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த ஃபைக்கஸ் அது. சாதாரணக் கன்றைவிடப் பல மடங்கு விலை. வளைந்த தண்டையும் அடர்ந்த இலைகளையும் தொட்டி நிறையப் படர்ந்திருந்த பாசியையும் காட்டிய விற்பனையாளர், வேரைப் பார்க்க வேண்டும் என்றதும், பாசியைக் கலைத்தால் மரம் வாடிவிடும் என்று தடுத்துவிட்டார். அது உண்மையல்ல. தண்டைச் சுற்றி ஓரிரு விரற்கடை மண்ணை மெல்ல விலக்குவதால் நலமான ஃபைக்கஸுக்கு எந்தத் தீங்கும் நேராது.

தொட்டி மாற்றியபோதுதான் தடுத்ததன் காரணம் விளங்கியது. பாசிக்கு அடியில் மண்ணைக் கூட்டிக் குவித்திருந்தார்கள். அதை நீக்கியதும், தடித்த வேர் ஒன்று தண்டையே சுற்றி இறுக்கியிருப்பதும், அந்த இறுக்கத்துக்கு மேலே தண்டு வீங்கி, கீழே ஒல்லியாகக் கிடப்பதும் தெரிந்தன. மற்ற வேர்கள் எல்லாம் ஒரே பக்கம்; எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. தண்டின் வளைவிலோ, வளைப்பதற்காகச் சுற்றி உரிய காலத்தில் கழற்றாத கம்பியைப் பட்டை விழுங்கி மூடியிருந்தது.

கிளை சரியில்லை என்றால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். ஃபைக்கஸ், பழைய தண்டிலிருந்தும் துளிர்க்கும்; கவாத்து செய்து புதிய கிளைகளை உருவாக்கலாம், இலையும் காலப்போக்கில் சிறுக்கும். ஆனால் நெபாரி எனப்படும் வேரடி எல்லாத் திசையிலும் பரவியிருப்பதும், தண்டு அடியில் பருத்து மேலே போகப் போக மெலிவதும் எளிதில் வருவன அல்ல. சிறு தொட்டிக்குள் போன பிறகு தண்டு பருப்பது மிகவும் மெதுவாகிவிடும். எனவே ஓர் இளமரத்தின் தகுதியை அடியிலிருந்து மேல்நோக்கித்தான் எடைபோட வேண்டும். ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பசுமை முழுவதும் கிளை நுனிக்கு ஓடிவிட்டதென்றால், இலையற்ற பகுதியில் அது மீண்டும் துளிர்ப்பது அரிது.

முறையிட்டபோது, "வளர வளரச் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். சரியாகாது, மேல்பகுதியும் சேர்ந்தே பருக்கும். இறுக்கத்துக்கு மேலே பட்டையை வளையமாக நீக்கி, விண்பதியம் போட்டு, அதாவது அந்த இடத்தை ஈரப்பாசியால் பொதிந்து கட்டி, புதிய வேர்களை வரவைப்பதே வழி. ஃபைக்கஸில் அது நன்றாகவே பலிக்கும் என்றாலும், உடனே வடிவமைக்கலாம் என்று சொல்லி விற்ற மரத்துக்கு அதன் வேரடியையே புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. தொட்டி மாற்றிய செடியைத் திரும்பப் பெறுவதில்லை என்று சொல்லிப் பணத்தையும் மறுத்துவிட்டார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, விற்பவரின் கண்ணெதிரில் மேல்மண்ணை விலக்கிப் பாருங்கள். அதற்கு இணங்காதவரிடம் வாங்க வேண்டாம்.