சிமென்ட் வைத்ததா, வைக்காததா? முடக்குவாதக்காரருக்கு எந்த இடுப்பு மூட்டு?

மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சித்திக்கு முடக்குவாதம் (மூட்டுகளைக் கெடுக்கும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பூக்கட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது மல்லிகைக் காம்பை நாரில் சேர்த்து முடிச்சுப் போட விரல் வளையாது. போன வருடம் இடுப்பும் போயிற்று. மதுரையில் இரண்டு ஆர்த்தோ டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் செயற்கை மூட்டைச் சிமென்ட் வைத்துப் பொருத்தலாம் என்றார், இன்னொருவர் சிமென்ட் வேண்டாம் என்றார்.

சிமென்ட் முறையில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டை ஒருவகை அக்ரிலிக் பசை பிடித்துக்கொள்கிறது. 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பரவலாக்கிய வழி இது. ஆபரேஷன் மேசையிலேயே இறுகிவிடும். மற்றதில் தண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதற்குள் நம் எலும்பே வளர்ந்து பிடிக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகும்.

வயது குறைவு, எலும்பும் கெட்டி என்றால் சிமென்ட் இல்லாததுதான் என் தேர்வு. பின்னாளில் மூட்டைத் திரும்ப மாற்ற நேர்ந்தால் பழைய சிமென்ட்டைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு. ஆனால் நோயாலும் வருடக்கணக்கான ஸ்டீராய்டாலும் மெலிந்த எலும்பில் அந்தத் தண்டை அடித்து இறக்கும்போது விரிசல் விழலாம். அங்கே சிமென்ட்தான் கைகொடுக்கும். அதிலும் ஒன்று உண்டு: சிமென்ட்டை அழுத்தும் நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது சித்தியின் கைகள். சிமென்ட் இல்லாமல் வைத்தால் சில வாரம் அந்தக் காலில் பாதி பாரம்தான் போடலாம், மீதியை வாக்கர் தாங்கட்டும் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் அப்படிச் சொல்வதில்லை. சித்தி தன் கோணிய விரல்களைக் காட்டி, “இந்தக் கையை வச்சுக்கிட்டு அந்தக் கம்பியை எப்படிப்பா பிடிப்பேன்?” என்றார். சிமென்ட் என்றால் மறுநாளே முழுப் பாரமும் போடலாம் என்றார்கள். கடைசியில் தண்டுக்குச் சிமென்ட், இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணத்துக்கு இல்லை என்று கலப்பு முறையில் செய்தார்கள். முன்கையைச் சாய்த்து நடக்கும் மெத்தை வைத்த வாக்கரைக் கேட்டு வாங்கினோம். முடக்குவாதக்காரருக்கு அதுதான் சரி.

எதைத் தேர்ந்தாலும் மருந்து விஷயத்தில் கவனம். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்லி உறவுக்காரர்கள் வற்புறுத்தினார்கள். பொதுவாக அதை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் வாதம் கிளம்பி நடைப்பயிற்சியே கெட்டுவிடும். உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வாதத்தைக் கட்டுப்படுத்தும் பயாலஜிக் ஊசிதான் வேறு. அடுத்த ஊசி போட வேண்டிய சமயத்தில் ஆபரேஷனை வைத்துக்கொண்டு, புண் ஆறிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, திரும்பத் தொடங்குவார்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. எல்லாமே வாத டாக்டரைக் கேட்டுத்தான்.

அப்புறம், கழுத்து எக்ஸ்ரே. முடக்குவாதம் கழுத்தின் மேல் எலும்புகளையும் தளர்த்தும். மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்துவலியை நாமே சொல்லிவிட வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த பிறகு ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். குத்தவைத்து உட்காரும் பழக்கத்துக்கு இனி இடமில்லை.