வாசக அட்டையா, கேள்வி அட்டையா?

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (பைபிள் வசனம் எழுதியது) எடுக்கும் வழக்கம் குமரி மாவட்டத்தில் பல சபைகளில் உண்டு. அது ஆண்டுக்கு ஒன்று. தினமும் ஓர் அட்டை எடுத்து மனசை லேசாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு எது உதவும்?

கடையில் கிடைக்கும், பொன்மொழி அச்சிட்ட வாசக அட்டைகள் உடனே கைக்கு வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரே வாசகம் மூன்றாம் முறை வரும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்குக் குறளே மேல்: செய்ந்நன்றி அறிதல் (அதிகாரம் 11), இடுக்கண் அழியாமை (63) இரண்டிலும் சேர்த்து 20 அட்டை தேறும். என்றாலும் வாசிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

கேள்வி அட்டையில் ஒரு கேள்விதான் இருக்கும், அது நம்மைப் பதில் எழுத வைக்கும். எம்மன்ஸ், மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் இருவரும் நன்றியுணர்வு பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்விலும் பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றை எழுதத்தான் செய்தார்கள். எங்கள் தேர்வு இதுவே.

பளபளப்பில்லாத 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 அட்டை நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் 7 × 9.9 செ.மீ. அளவில் ஒன்பதாக வெட்டினால் 36 வரும். 24இல் நன்றிக் கேள்வி, 12இல் சிரிப்புக் கேள்வி: “நேற்று உங்கள் வேலையைக் குறைத்தவர் யார்?”, “மார்த்தாண்டம் பஸ்ஸில் காதில் விழுந்த வேடிக்கைப் பேச்சு என்ன?” எண் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், ஈரக்கையில் ஜெல் மை கலங்கும்.

பதிலை நோட்டில் அட்டை எண்ணோடு ஒரே வரியில் எழுதுங்கள். “குடும்பம்” என்று எழுதினால் நாலு நாளில் சலித்துவிடும். “மீன்காரம்மா ரெண்டு சாளை கூடப் போட்டாங்க” என்று எழுதினால் அந்த முகமே நினைவுக்கு வரும். பிடித்தது வரும்வரை மாற்றி மாற்றி எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. எடுத்ததை வேறு டப்பாவில் போட்டு, 36ம் தீர்ந்த பிறகே கலக்குங்கள். இரண்டாம் சுற்றில் பழைய பதிலையும் சேர்த்து வாசிக்கலாம். அந்தச் சுகம் வாசக அட்டையில் கிடைக்காது.

ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் அட்டை நமத்து வளையும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்தால், மறுபக்கம் ஈரம் குடித்து இன்னும் வளையும். இரு பக்கமும் செய்யுங்கள், அல்லது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய தகர டப்பாவில் வையுங்கள்.

போன் செயலியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அட்டையைப் பார்த்த கையோடு வாட்ஸ்அப் திறந்துவிடும்.

துக்கம் நடந்த வீட்டில் பதினாறு நாளும் டப்பாவைத் திறக்க வேண்டாம். அப்போது வற்புறுத்தி நன்றி எழுத வைத்தால் வலிதான் கூடும்.