சர்க்கரை மாத்திரைக்கு ஒரு குறுஞ்செய்தி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

என் அம்மாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு. காலை உணவுக்கு முன் கிளிமிபிரைடும், காலையும் இரவும் சாப்பிட்ட பின் மெட்ஃபார்மினும் எடுத்துக்கொள்கிறார். அவர் காட்டிவரும் தனியார் மருத்துவமனை அனுப்பும் நினைவூட்டல் குறுஞ்செய்திகளை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம்.

இணையம் தேவையில்லை, பழைய பட்டன் போனே போதும் என்பது இதன் பெரிய வசதி. இரவு மாத்திரையை மறந்துவிட்டு உறங்கப் போகும் வழக்கம் முதல் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்தது. செய்தியைத் தமிழிலேயே பெறலாம் என்றாலும், தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகளே இடம் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் விலைமதிப்புள்ளது. அந்த இடத்தை வணக்கத்துக்கும் மருத்துவமனையின் பெயருக்கும் செலவழித்துவிட்டு, மாத்திரையின் பெயரைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். சின்னத் திரையில் கீழே நகர்த்தினால்தான் அது கண்ணில் படும்.

மாத்திரை போட்டதும் '1' என்று பதில் அனுப்ப வேண்டும். அம்மாவோ பதிலை அனுப்பிவிட்டுத்தான் மாத்திரை டப்பாவைத் தேடுவார். மருத்துவமனைக் கணக்கில் அவரைவிட ஒழுங்கான நோயாளி இருக்க முடியாது.

நேரம்தான் உண்மையான சிக்கல். காலைச் செய்தி தினமும் எட்டு மணிக்கு வந்துவிடும். சமையல் முடிந்ததா என்பது அதற்குத் தெரியாது. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் அபாயம் உண்டு. கிருத்திகை விரதத்தன்றும் அதே செய்திதான் வந்தது. விரத நாளில் எதைப் போடுவது, எதை விடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்ததால் குழப்பம் ஏற்படவில்லை.

குறுஞ்செய்தியின் பலனுக்குச் சான்றாக, இந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வைப் பலர் காட்டுவதுண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில், உணவு, உடற்பயிற்சி பற்றிய செய்திகளைப் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் இரண்டாண்டுகளில் நோய் வந்தது. அது நோயைத் தடுப்பது பற்றியது. மாத்திரையைத் தவறாமல் போடுவது பற்றியது அன்று. ஆப்பிரிக்காவில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் மலாவி நாட்டின் லிலாங்வேயிலும் மாத்திரைக்கென்றே ஓராண்டு செய்தி அனுப்பிப் பார்த்த ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்க்கும்போது அது எனக்கு வியப்பளிக்கவில்லை. இடையில் மெட்ஃபார்மினால் வயிறு கெடுகிறது என்று அம்மா தானாகவே அதை நிறுத்தினார். மறந்து நிறுத்தவில்லை, வேண்டாம் என்று நிறுத்தினார். செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. பின்னர் நேரில் சென்று பேசியபோது, மெதுவாகக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகே மீண்டும் போடத் தொடங்கினார். 'போட்டீர்களா?' என்பதோடு 'ஏன் போடவில்லை?' என்று கேட்கவும், அந்தப் பதிலைப் படிக்கவும் ஒரு செவிலியர் இருந்திருந்தால் இவ்வளவு நாள் வீணாகியிருக்காது.

நான் எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. மாத்திரை தீர்வதற்குச் சில நாள் முன்பு ஒரு செய்தி வரும். தினசரிச் செய்திகளை இப்போது அம்மா பாதி நேரம் திறப்பதே இல்லை. இதை மட்டும் உடனே எனக்கு அனுப்பிவிடுகிறார், மருந்துக்கடைக்குப் போவது என் வேலை என்பதால்.