சாரா 100 வெள்ளி: நைட் ஷிப்ட் கணக்கில் எவ்வளவு தேறும்?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே போய் மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே வருகிற ஆள் நான். அந்தக் கண்ணில்தான் இந்த சாரா உதவியை, அதாவது அடிப்படைச் சாமான் வாங்க மலேசிய அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையைப் பார்க்கிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.ஆர். என்கிற அரசாங்க ரொக்க உதவி வாங்கும் குடும்பங்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) மைகார்டிலேயே, அதாவது அடையாள அட்டையிலேயே வந்தது, பேங்குக்கு அலைய வேண்டாம், கவுண்டரில் கார்டை மிஷினில் சொருகினால் முடிந்தது. அரிசி, முட்டை, ரொட்டி, பிஸ்கட், மீ நூடுல்ஸ், பற்பசை, பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் எடுக்கலாம். உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி, அதோடு ஒரு தட்டு முட்டை எடுத்தாலே நூறில் நல்ல பங்கு கரைந்துவிடும், ஆனாலும் அந்தப் பங்கு என் சம்பளத்திலிருந்து போகவில்லையே.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 என்றால் ஓ.டி. ஒன்றரை மடங்கு, மணிக்கு ஏறக்குறைய 12 வெள்ளி 26 காசு. ஆக சாரா என்பது எனக்கு எட்டு மணி நேர ஓ.டி., ஒரு மாதத்தில் நான்கு ராத்திரி இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று அர்த்தம். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம்.

ஆனால் ராத்திரி வேலைக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. தனியார் கம்பெனி ஷிப்ட் அலவன்ஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, எங்களுக்குக் கிடைப்பது முதலாளி மனசு வைத்துக் கொடுப்பதுதான். அதைவிட எரிச்சல், குடும்ப வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டினால் எஸ்.டி.ஆர். கிடையாது, அந்தக் கணக்கில் கண் விழித்து வாங்கிய அலவன்ஸும் ஓ.டி.யும் சேர்ந்துதான் வருகிறது! தீபாவளி செலவுக்கு என்று நானும் வீட்டுக்காரரும் கூடுதல் நேரம் வேலையில் நின்றால் அந்த 5,000 வெள்ளிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறோம்.

அப்புறம் கடை. எங்கள் தாமான் (குடியிருப்பு) மளிகைக் கடை காலை ஆறரைக்கே திறந்துவிடும், ஆனால் சாரா எடுப்பதில்லை. எடுக்கிற பேரங்காடி பத்து மணிக்குத்தான் கதவைத் திறக்கும், அப்போது நான் இரண்டாவது தூக்கத்தில் இருப்பேன். அதனால் வீட்டுக்காரர்தான் என் மைகார்டை எடுத்துக்கொண்டு போவார். போன மாதம் கார்டை அவர் பாக்கேட்டிலேயே விட்டுவிட்டார், நான் கம்பெனி பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க அடையாள அட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டும் நான் கேட்டது இல்லை.